கூக்கால் வேலப்பனுக்கு ஹேண்டில் ஏற்றிய கதை

நான் வேலை பார்த்த சைக்கிள் கடையில் போன மாதம் ஒரு கேமரா வந்து இறங்கியிருக்கிறது. ஆளை சைக்கிளில் உட்கார வைத்து, தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று பச்சைப் புள்ளி ஒட்டி, மிதிக்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஹேண்டில் பாரை இவ்வளவு ஏற்று, இவ்வளவு இறக்கு என்று சொல்லிவிடுகிறது. ரிட்டயர் ஆனவளைச் சும்மா விடுவார்களா? "ரீட்டாக்கா, வாங்க, உங்களையும் ஒருவாட்டி போட்டுப் பார்ப்போம்" என்று கூப்பிட்டு எனக்கும் ஒட்டினார்கள். என் இடது தோள் வலது தோளைவிடத் தாழ்ந்து தொங்குகிறதாம். இதை என் வீட்டுக்காரர் கல்யாணமான நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கரண்ட்டும் தேவையில்லை.

மெஷினைக் குறை சொல்லவில்லை, நல்ல மெஷின்தான். ஆனால் கடையில் இப்போது இருக்கிற மெக்கானிக்குகள், "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிக்கா உயரம் வச்சீங்க?" என்று கேட்டார்கள். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளட்டும், என் எதிரில் மட்டும் வேண்டாம்.

நான் கடைக்கு வந்தது மெக்கானிக்காக இல்லை. கொடைக்கானல் ஏரியைச் சுற்ற வாடகைக்குப் போகிற சைக்கிள்களுக்கு நம்பர் தகடு மாட்டுவதும், திரும்பி வராத சைக்கிளைத் தேடிப் போவதும்தான் என் சோலி. புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடிகள் பாதிச் சுற்றில் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுச் சோளம் தின்னப் போய்விடுவார்கள். சண்டை வந்திருந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். அப்போது இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

கடை முதலாளி ராவுத்தர். பழனி பஜாரிலிருந்து மலைக்கு வந்த வியாபாரக் குடும்பம். வெள்ளைத் தொப்பி, கழுத்துவரை பட்டன் போட்ட ஸ்வெட்டர், எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு. ரிப்பேர் வேலையெல்லாம் அவர் கையால்தான் நடந்தது. பிறகு அவர் முட்டி மடங்க மறுத்துவிட்டது. குத்துக்கால் போட்டு உட்கார முடியாத சைக்கிள் மெக்கானிக் என்ன செய்வார்? நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, என் கை வேலை செய்தது. நான் தொழில் கற்றது இப்படித்தான், அவருடைய முட்டிவலியின் புண்ணியத்தில்.

கொஞ்ச வருஷத்தில் சொல்வதையும் நிறுத்திவிட்டார். கஸ்டமர் முன்னால் வேலைக்காரியைத் திருத்தக் கூடாது என்பது அவர் கொள்கை. அதனால் இருமுவார். ஒரு இருமல் என்றால் ஹேண்டிலை ஏற்று, இரண்டு இருமல் என்றால் இறக்கு. அவருக்குச் சளி பிடிக்கிற மாதங்களில் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

பழைய கறுப்பு சைக்கிள் காலத்தில் ஹேண்டில் உயரம் என்று ஒரு பேச்சே கிடையாது. கம்பெனி வைத்த உயரம்தான் உயரம், அதற்குத் தகுந்தபடி ஆள்தான் வளர வேண்டும். பட்டை டயரும் கியரும் வைத்த மலை சைக்கிள்கள் வந்த பிறகுதான் வலிகளும் வந்தன. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உடம்போடு ஒட்டின உடுப்புப் போட்டு வருவார்கள். பூம்பாறை வரை போய்த் திரும்பி வந்து, கையை உதறிக்கொண்டு கடை வாசலில் நிற்பார்கள். ராவுத்தர் முதலில் டீ கொடுப்பார். வந்தவர் எந்தக் கையால் டம்ளரை வாங்குகிறார், எப்படிக் குனிந்து பெஞ்சில் உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். "உள்ளங்கை வலிச்சா ஹேண்டில் தாழ்வு. கழுத்து வலிச்சா ஹேண்டில் தூரம். பின்பக்கம் வலிச்சா ஆளு புதுசு, நாலு நாள்ல சரியாப் போயிரும்." இதுதான் அவர் வைத்திருந்த மருத்துவப் புத்தகம் முழுவதும்.

வேலை முறையில் மட்டும் இம்மி விட்டுக்கொடுக்க மாட்டார். முதலில் சீட். சீட் உயரம் சரியாகாமல் ஹேண்டிலில் கை வைத்தால் அன்றைக்கு எனக்கு டீ கிடையாது. பிறகு கழுத்து. ஹேண்டில் பாரையும், முன்சக்கரத்திலிருந்து எழும்பி வருகிற குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கும் குட்டைத் துண்டுக்கு ஸ்டெம் என்று பேர். எங்கள் கடையில் கழுத்து என்போம். மேல் மூடியின் திருகைக் கழற்றி, கழுத்தின் பக்கத் திருகுகளைத் தளர்த்தி உருவினால், குழாயில் மெல்லிய வளையங்கள் மாட்டியிருக்கும். கழுத்துக்கு மேலே இருக்கிற வளையத்தை எடுத்துக் கீழே போட்டால் ஹேண்டில் உயரும். கீழே இருப்பதை மேலே போட்டால் தாழும். வளையம் போதவில்லை என்றால் கழுத்தையே கவிழ்த்து மாட்டலாம், கீழே பார்த்துக்கொண்டிருந்தது மேலே பார்க்கும். திரும்ப மாட்டும்போது மேல் திருகுதான் முதலில். பக்கத் திருகுகள் அதற்குப் பிறகு, அதுவும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் வரக் கூடாது. கடைசியாக ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, பிரேக் ஒயர் எங்கேயாவது இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு பரீட்சை. பஜார் ஹார்டுவேர் கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொள்வோம். ஆளை சீட்டில் உட்கார வைத்து, அவர் உள்ளங்கைக்கு அடியில் தாளை வைத்து, ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்வேன். முன்சக்கரத்தை என் இரண்டு முட்டிக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டு தாளை இழுப்பேன். கிழிந்தால் ஆளின் பாரம் முழுக்கக் கையில் இறங்குகிறது, ஹேண்டில் தாழ்வு. தடையே இல்லாமல் வந்துவிட்டால் கையில் பாரமே இல்லை, ஹேண்டில் உயரம், ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும். லேசாகப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுத்து, கிழியாமல் வர வேண்டும். ஒருமுறை ஒருவர் தாளில் தன் ராசிக்கு 'அலைச்சல்' என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, சைக்கிளே வேண்டாம் என்று இறங்கிப் போய்விட்டார். அதிலிருந்து அச்சடித்த பக்கத்தைக் கீழே வைக்க வேண்டும் என்று ராவுத்தர் சட்டம் போட்டார்.

இந்தப் பரீட்சையில் தேறிப் போன யாரும் வலி என்று திரும்பி வந்தது இல்லை, கூக்கால் வேலப்பன் வரும்வரை.

வேலப்பன் பூண்டு விவசாயி. நெட்டை என்றால் அப்படி ஒரு நெட்டை, எங்கள் கடைக்குள் வந்தால் தொங்குகிற டயர்களை விலக்கிக்கொண்டுதான் பேசுவார். கூக்கால் ஊர் அங்கே உள்ள இன்னொரு ஏரியோரம் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கிருந்து மேலே ஏறி வந்தால் மெயின் ரோடு, கூக்கால் பிரிவு. பிரிவில் அவர் ஒரு சின்னக் கடை போட்டு, கார்களை நிறுத்துகிற டூரிஸ்டுகளுக்குப் பூண்டும் காரட்டும் விற்று வந்தார். ஊரிலிருந்து பிரிவுக்கு வருவதற்கு பஸ்ஸை நம்ப முடியாது. ஒரு ஜீப் ஓடுகிறது. ஓட்டுகிறவன் தங்கராசு. வேலப்பனின் மனைவி பொன்னம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

பகை எப்படி வந்தது என்று பொன்னம்மாதான் பிற்பாடு எனக்குச் சொன்னது. மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தை அலறியது. அதைச் சிரிக்க வைப்பதற்காகத் தங்கராசு, "உங்கப்பா இந்த மாமா ஜீப்புல எப்படி வருவாரு தெரியுமா?" என்று கேட்டு, வளைவுக்கு வளைவு வேலப்பன் வாந்தி எடுப்பதை நடித்துக் காட்டிவிட்டான். குழந்தை சிரித்தது. பந்தலும் சிரித்தது. சமையல் ஆட்கள்கூடக் கரண்டியோடு வந்து பார்த்துச் சிரித்தார்கள். வேலப்பன் மட்டும் எழுந்து, மச்சினன் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "இனி உன் ஜீப்புல கால் வச்சேன்னா என்னய ஏன்னு கேளு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. மறுவாரம் எங்கள் கடைக்கு வந்து, இருந்ததிலேயே சிவப்பாக இருந்த சைக்கிளை வாங்கிவிட்டார். அவர் உயரத்துக்கு அது சின்னது. சொன்னேன். சிவப்புதான் வேண்டும் என்றார்.

"போகும்போது முழுக்க ஏத்தமாச்சே, பின்னால மூட்ட வேற. மிதிச்சிருவீங்களா?" என்று கேட்டேன்.

"மலையில பொறந்தவன்மா நான். நிக்காம ஒரே மிதி" என்றார். ஊரிலும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

கொஞ்ச மாதம் கழித்து பஸ் மேலே சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். முதுகு பிடிக்கிறதாம். சீட்டைச் சரிசெய்து, ஒரு வளையத்தைக் கீழே போட்டு ஹேண்டிலை ஏற்றினேன். தாள் அழகாக வந்தது. மறுபடி வந்தார், வலி அப்படியே இருக்கிறது. இந்தத் தடவை குட்டைக் கழுத்து மாட்டி ஹேண்டிலைக் கிட்டே கொண்டு வந்தேன். தாள் இன்னும் அழகாக வந்தது. மூன்றாம் தடவை பொன்னம்மாவும் கூட வந்துவிட்டாள். காதுகுத்துக் கதையை அவள் என் காதில் போட்டது அன்றைக்குத்தான்.

"எந்த எடத்துல வலிக்குது?" என்று ராவுத்தரே வாய் திறந்து கேட்டார். அது அபூர்வம்.

"வலது இடுப்புக்கு மேல பாய். அந்த ஒரு பக்கம்தான்."

ராவுத்தர் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "ரெண்டு கையும் ஒண்ணாத்தான் ஹேண்டிலப் பிடிக்குது. ஒரு பக்கம் மட்டும் எப்படிய்யா வலிக்கும்?" என்று தனக்குள் பேசிக்கொண்டார். ஏரியை ஒரு சுற்று சுற்றி வரச் சொன்னோம். வேலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே வந்த குதிரைக்காரர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு ராஜா மாதிரி ஓட்டினார். வலி ஒன்றும் இல்லை. ஏரிக்கரை சமதரை அல்லவா, அங்கே என்ன தெரியும்? "நான் ஒரு நாள் கூக்காலுக்கு வந்து நீங்க ஏத்தத்துல மிதிக்கிறதப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா, அவ்வளவு தூரம்" என்று வெரசாகப் பேச்சை மாற்றிவிட்டார்.

பொன்னம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அடுத்த வாரம் வரைக்கும் பார்ப்பேங்க. வலி போகலைன்னா சைக்கிள இங்கயே விட்டுட்டு இவர எந்தம்பி ஜீப்புல ஏத்திருவேன். தைலம் தேச்சுத் தேச்சு என் கைய மோந்து பாருங்க, யூகலிப்டஸ் மரமாவே ஆயிட்டேன்."

வேலப்பனைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மனுஷன், ஜீப் என்ற பேச்சைக் கேட்டதும் ஊசி போடக் கூட்டிவந்த பிள்ளையாக நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. பந்தல் முழுக்கச் சிரித்ததை அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று தோன்றியது. அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் அத்தனை பேருக்கும் மறுபடி சிரிக்க இடம் கொடுத்த மாதிரி. அவர்கள் போனதும் ராவுத்தர், "அந்தாளு கூப்பிடாட்டி என்ன? வெள்ளனே கெளம்பிப் போயி பாத்துட்டு வா" என்றார். விற்ற சைக்கிளை ஒருநாளும் திருப்பி வாங்கியதில்லை என்ற பெருமை அவருக்கு. அது போய்விடுமோ என்ற கவலை அவருக்கு.

முதல் பஸ்ஸைப் பிடித்துக் கூக்கால் பிரிவில் இறங்கினேன். மங்கி குல்லா, மேலே மஃப்ளர், அதற்கு மேலே சால்வை. என்னைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. தங்கராசுவின் ஜீப் ஊருக்குள் திரும்புவதற்கு நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் பின்னால் ஏற, அவன் பின்பக்கத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். எனக்கு முன்சீட்டு கிடைத்தது. சைக்கிள் கடை ரீட்டா என்று சொன்னதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வண்டியை எடுத்தான்.

இறக்கத்தில் இரண்டு வளைவு தாண்டினோம். மூன்றாவது வளைவு இன்னும் கண்ணில்கூடப் படவில்லை, அவன் ஹாரனை அமுக்கினான். சும்மா இல்லை, கல்யாண மண்டபம் முழுக்க எழுந்து நிற்கிற மாதிரி நீட்டி அமுக்கினான்.

"இங்க வளைவே இல்லையே, எதுக்குப்பா ஹாரன்?"

"அடுத்த வளைவுக்குக்கா."

"அதுக்கு இப்பவேவா?"

"டைம் வேணும்ல" என்றான். வண்டியையும் வேண்டுமென்றே மெதுவாக உருட்டினான்.

வளைவு திரும்பினோம். எதிரே வேலப்பன், சிவப்பு சைக்கிளில், கேரியரில் மூட்டையோடு ஏறி வந்துகொண்டிருந்தார். சீட்டில் இல்லை, பெடலில் எழுந்து நின்று மிதித்தார். ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. மூச்சு வாங்கி வாய் பிளந்திருந்தது. ஆனால் பார்வை மட்டும் நேராக, ஜீப் என்று ஒரு பொருள் உலகத்திலேயே இல்லாத மாதிரி. நான் சால்வைக்குள் ஒளிந்துகொண்டேன். "அடேயப்பா, நெசமாவே ஏறுறாரே!" என்றேன்.

"கண்ணாடியப் பாருங்க" என்றான் தங்கராசு.

பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். நாங்கள் தாண்டினதும் வேலப்பன் தொப்பென்று இறங்கினார். சுற்றுமுற்றும் பார்த்தார். சைக்கிளின் இடது பக்கம் நின்று, ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் சீட்டையும் பிடித்து, அந்த நெட்டை உடம்பை வலது பக்கம் ஒடித்துக் குனிந்து, தள்ளிக்கொண்டு போனார்.

"வாங்கின நாள்லேர்ந்து தள்ளிக்கிட்டுத்தான் போறாரு" என்று தங்கராசு குரலைத் தாழ்த்தினான். "நான் சத்தம் குடுக்காம திரும்பினேன்னு வைங்க, கையும் களவுமா மாட்டிக்குவாரு. வண்டில ஊர்ச்சனம் உக்காந்திருக்கு. பின்னால தார்ப்பாய எதுக்குக் கட்டுறேன்? குளிருக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காக. அவரு எங்கக்கா வீட்டுக்காரராச்சே. ஒரு தடவ சிரிக்க வச்சதே போதும்." கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னேன்னு அவர்ட்ட சொல்லிறாதீங்க" என்றான். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜீப் கூக்கால் போய்ச் சேர்கிறவரை எனக்கு என் மேலேயே கோபம். மூன்று தடவையும் சீட்டில் உட்கார்ந்திருக்கிற வேலப்பனுக்கு அளவெடுத்தோம். வலியோ தள்ளிக்கொண்டு நடக்கிற வேலப்பனுக்கு. அந்தச் சின்ன சைக்கிளுக்கு வாகாக வைத்த ஹேண்டில், பக்கத்தில் நடக்கிற ஆளுக்குத் தொடை உயரத்தில் இருக்கிறது. தினமும் காலையில் அப்படி ஒரு பக்கமாக ஒடிந்து நடந்தால் அந்தப் பக்கம் வலிக்காமல் என்ன செய்யும்?

பொன்னம்மாவுக்குப் போன் போட்டு அவரை வரச் சொன்னேன். வந்தவர் முதலில் வலியைச் சொல்லவில்லை, மச்சினனைத்தான் சொன்னார். "அந்தப் பய எகத்தாளத்தப் பாருங்கம்மா. ஒரு வளைவுக்கு முன்னாலயே ஹாரன் அடிக்கிறான், என்னய ரோட்ட விட்டு ஒதுங்கச் சொல்றானாம்!" பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. வாக்கை நினைத்து விழுங்கினேன். பச்சைப் பூண்டை முழுசாக விழுங்கினது மாதிரி இருந்தது.

இப்போது அவரை நிற்க வைத்து அளவெடுக்க வேண்டும், ஆனால் எதற்கென்று தெரியக் கூடாது. "செயின்ல ஒரு சத்தம் வருதுங்க. ஏறி உக்காந்தா கேக்காது. மூட்டையோட கொஞ்சம் தள்ளிக்கிட்டே இந்தச் சந்து மேட்டுல ஏறுங்க, நான் காது வச்சுக் கேக்கிறேன்" என்றேன். மனுஷன் சந்தோஷமாகத் தள்ளினார். தள்ளுவதில் அவருக்கு இருந்த கைப்பழக்கத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பக்கத்திலேயே குனிந்து நடந்தேன். காது செயினில் இல்லை. அவர் இடது உள்ளங்கைக்கு அடியில் காலண்டர் தாளைச் சொருகி இழுத்தேன். கிழிந்தது. இன்னொரு தாள், அதுவும் கிழிந்தது. பாரம் பூராவும் அந்த ஒரு கையில்.

கடைக்குக் கொண்டு வந்து வேலையை ஆரம்பித்தேன். இருந்த வளையங்களையெல்லாம் கீழே போட்டேன், போதவில்லை. கழுத்தைக் கவிழ்த்து மாட்டினேன், அப்பவும் போதவில்லை. நேர் ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் நன்றாக மேல்நோக்கி வளைந்த ஹேண்டில் ஒன்றைத் தேடிப் போட்டேன். பிரேக் ஒயரும் கியர் ஒயரும் எட்டவில்லை, நீளமாகப் புது ஒயர் மாட்டினேன். மறுபடி சந்து மேட்டில் தள்ளச் சொன்னேன். வேலப்பன் முதுகு நிமிர்ந்து, தலை நிமிர்ந்து, கடைத்தெரு வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தார். தாள் லேசாகப் பிடித்து, விட்டுக்கொடுத்து, முழுசாக வந்தது.

கடை வாசலில் ராவுத்தர் இரண்டு இருமல் இருமினார். இறக்கு என்கிறார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். மறுபடி இரண்டு. மறுபடியும் இரண்டு, இந்தத் தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"பாய்க்குச் சுடுதண்ணி குடுங்கம்மா, இருமல் கடுசா இருக்கு" என்றார் வேலப்பன்.

ராவுத்தர் பொறுமை போய்விட்டது. "என்ன புள்ள இது? மாட்டுக்கொம்பு கணக்கா நிக்குது! ஏறி உக்காருய்யா" என்றார். வேலப்பன் உட்கார்ந்தார். நான் உள்ளங்கைக்கு அடியில் தாளை வைத்தேன், இழுக்கக்கூட இல்லை, காற்றில் அதுவாகவே பறந்து போய் டீக்கடை வாசலில் விழுந்தது. ராவுத்தர் என்னைப் பார்த்த பார்வையில், அன்றைக்கு மட்டும் இல்லை, அந்த மாசம் பூராவும் எனக்கு டீ கிடையாது என்று தெரிந்தது. "பாய், ஒரு நிமிசம் உள்ள வாங்க" என்று டயர் அடுக்கி வைத்திருக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஜீப்பு, ஹாரன், தார்ப்பாய், கண்ணாடி எல்லாவற்றையும் கொட்டினேன்.

ராவுத்தர் கிராம்பை மெல்லுவதை நிறுத்தினார். பிறகு, "நான் வீட்டுக்குப் போற மேட்டுல என்னைக்காவது மிதிச்சுப் போயிருக்கேனா புள்ள?" என்று கேட்டார்.

"இல்ல பாய். தள்ளிக்கிட்டுத்தான் போவீங்க."

"நீ பாத்திருக்கியா?"

"ஊரே பாத்திருக்கு பாய்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. இந்த மலையில் ஏற்றம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்காத ஆள் யார்? அத்தனை பேரும் தள்ளுகிறோம். அளவெடுக்கிற நேரத்தில் மட்டும் அத்தனை பேரும் கம்பீரமாக ஏறி உட்கார்ந்து காட்டுகிறோம். நாங்களும் நம்பி அளவெடுத்துக்கொண்டிருந்தோம்.

ராவுத்தர் வெளியே வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேலப்பா, இது ஏத்தத்துக்குன்னு தனி அளவு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். ஒரு வாரம் வச்சுப் பாரு" என்றார். தான் அவசரப்பட்டதாக அவர் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். வேலப்பன் போனதும் எனக்கு டீயும் வந்தது.

அதற்குப் பிறகு கூக்கால், பூம்பாறை என்று மேல்மலை ஊர் ஆட்கள் யார் வந்தாலும், செயினில் சத்தம் வருகிறது என்று சொல்லிச் சந்து மேட்டில் தள்ளவிட்டுத்தான் ஹேண்டில் உயரம் வைத்தோம். எங்கள் கடை சைக்கிள் எல்லாவற்றுக்கும் செயின் கோளாறு என்று கொஞ்ச நாள் ஊரில் பேச்சாகக் கிடந்தது. பரவாயில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. பொன்னம்மா போன் செய்யவில்லை. நானும் பயத்தில் செய்யவில்லை. அதற்கு அடுத்த வாரம் கடை வாசலில் ஜீப் ஒன்று வந்து நின்றது. தங்கராசு இறங்கி, ஒரு பெரிய பூண்டுக் கொத்தைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான்.

"மச்சான் குடுத்து விட்டாரு."

"யாரு, வேலப்பனா? உன்கிட்டயா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். "வழக்கம்போல அந்த எடத்துல ஹாரன் அடிச்சேங்க்கா. நல்லா நீட்டித்தான் அடிச்சேன். மெதுவாத்தான் திரும்பினேன். பாத்தா, மனுசன் எறங்கித் தள்ளிக்கிட்டே வர்றாரு! ஏறவே இல்ல. எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. நெஞ்சுவலியோ, என்ன எழவோன்னு, வண்டிய நடு ரோட்டுல போட்டுட்டு எறங்கி ஓடினேன். 'என்னாச்சு மச்சான்? ஹாரன் கேக்கலயா?'ன்னு வாய் விட்டுட்டேன்."

"ஐயையோ."

"ஆமா. சொன்னப்பறம்தான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியுது. அவரு என் மொகத்தையே பாத்தாரு. பெறகு தார்ப்பாயப் பாத்தாரு. உள்ள இருந்த சனமெல்லாம் அத வெலக்கிக்கிட்டு எட்டிப் பாக்குது. நான் செத்தேன்னு நெனச்சேன். 'கேட்டுச்சு மாப்ள'ன்னாரு. 'ஏத்தம்ல, தள்ளுறேன். இப்ப தள்ளுறதே சொகமா இருக்கு, எதுக்கு ஏறிக்கிட்டு?'ன்னு சத்தமாவே சொன்னாரு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

ராவுத்தரைப் பார்த்தேன். அவர் ஒரு இருமலும் இல்லாமல், இரண்டு இருமலும் இல்லாமல், தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஜீப்புல ஏறினாரா?" என்று கேட்டேன்.

"ஏறல. மூட்டைய மட்டும் நான் தூக்கி உள்ள போட்டுக்கிட்டேன். எடம் பாத்து வண்டியத் திருப்பி, ஃபர்ஸ்ட் கியர்ல அவரு பக்கத்துலயே பிரிவு வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்தேன். ஊருக்குப் போக வேண்டிய சனமெல்லாம் மறுபடி மேல வந்திருச்சு, வாங்கின ஏச்சுக்குக் கணக்கே இல்ல." தங்கராசு மஃப்ளரால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "ஆனா வழி பூரா பேசிக்கிட்டே வந்தோம்க்கா. பாப்பா, பூண்டு, மழ, எல்லாம். தள்ளிக்கிட்டு வந்ததால நிதானமாப் பேசினாரு. மிதிச்சு வந்திருந்தாருன்னா மூச்சு வாங்கியிருக்கும், பேசியிருக்க முடியாது."